நிலவறைக்கு நீங்கள் இறங்கவில்லையாமே

அன்புள்ள இலாரியோனுக்கு, உங்கள் மனைவி ருக்சாந்தா எழுதுவது. நான் சுகம். இங்கே இத்தாலியில், பாதுவா சந்தையில் சீஸ் கடையும் நன்றாக ஓடுகிறது. உங்கள் சுகத்தைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு நாள் கடையை அடைத்துவிட்டுத் தோழிகளோடு ரோம் போனேன். கொலோசியத்தின் முன்னால் படமெல்லாம் எடுத்தோம். ஞாயிறு காலை, ரோமிலிருந்து நம் ஊர் மால்டோவாவுக்குப் போகும் வேன்கள் நிற்கும் இடத்துக்கு உங்களுக்குப் பார்சல் போடப் போனால், டிரைவர் வாலெரியு சிரிக்கிறான்.

"அண்ணன் ரொம்ப மாறிட்டாரு அக்கா! போன நடை பார்சல் கொடுக்கப் போனா, 'நீயே நிலவறைக்குப் போய் ஒயின் பிடிச்சுக் குடிடா'ன்னுட்டாரு!"

"பீப்பா காலியாகியிருக்கும்டி, ஓடிப்போய்ப் பாரு!" என்றாள் கூட வந்த தோழி ரோதிக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பீப்பாவை என்னையே தொடவிடாதவர் நீங்கள். வந்தவனுக்கு ஒயின் எடுக்க நீங்கள் இறங்கவில்லை என்றால், இறங்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். அதன்பிறகு ரோமில் எதைப் பார்த்தேனோ, தெரியாது.

போனில் கேட்டால் மழுப்புவீர்கள். சீஸ் விற்கிறவள் நான், கெட்டதை மூடிவைத்தாலும் மோப்பம் பிடிப்பேன். முழங்காலா, இடுப்பா, நெஞ்சா? நம் வீட்டு ஊறுகாய் ஒரு புட்டி கேட்க நினைத்தேன். அதுவும் நிலவறையில்தானே இருக்கிறது, வேண்டாம்.

மாலையாகிவிட்டது, வேன் கிளம்பப் போகிறது; வாலெரியு ஹாரன் அடிக்கிறான். இவன் அடுத்த நடையில் எனக்கும் ஒரு சீட் சொல்லிவிட்டேன். அதற்குள் எதுவானாலும் எழுதி இவன் கையில் கொடுங்கள். ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

ருக்சாந்தா