பூஜையில் வைத்த மருத்துவப் புத்தகம்

அக்டோபர் 1978, சரஸ்வதி பூஜை இரவு

நர்ஸ் பயிற்சி விடுதியிலிருந்து லீவில் புந்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். வந்ததும் அம்மா என் மருத்துவப் புத்தகத்தை வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைக்கப் போனார். அட்டையில் தோலுரித்த மனிதன் படம். முகத்தைச் சுளித்துவிட்டு, பழைய பேப்பரில் உறை போட்டு, அதன்மேல்தான் பொட்டு வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் சுண்டல் தாளித்துக்கொண்டே சொன்னார்: "மார்ல ஒரு கட்டி இருக்கு பாப்பா. வலியெல்லாம் இல்ல."

ரொம்ப நாளாகவே இருக்கிறதாம். தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது, நகரவில்லை.

"ஒன் புக்குல என்னா போட்டிருக்கு?"

"பாத்துச் சொல்றேன்மா."

எழுந்தேன். அம்மா தடுத்தார். "இன்னைக்குப் புக்கத் தொடக்கூடாதுலா. காலையில சாமி கும்பிட்டு எடுக்கலாம்."

வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இன்று சரியென்றேன். நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன். அதற்கும் சரியென்றுவிட்டுப் படுத்துவிட்டார்.

புத்தகம் பூவோடு அங்கேயே இருக்கிறது. மார்புக் கட்டி பற்றிய பாடம் போன பரீட்சையில் வந்தது. ஒரு வரி விடாமல் எழுதியிருந்தேன்.