நாளை மறுபடியும் அந்தக் குன்று

ஒகினாவா தீவு,
மே 1945

அன்புள்ள அம்மா,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று ஒரு குன்றைப் பிடிக்க ஏறினோம். குகைகளுக்குள்ளிருந்து ஜப்பானியர் சுட்டதும் சேற்றில் படுத்தேன், எழ முடியவில்லை. நண்பன் வெண்டல் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான்.

“எழுந்திருடா லைல்! இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாறை மறைவுக்கு ஓடித் தப்பினோம். பின்வாங்கி இறங்கும்போது அவன் தோளில் குண்டு பாய்ந்தது. அவனை மருத்துவக் கப்பலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குன்று இன்னும் ஜப்பானியரிடம்தான் இருக்கிறது. நாளைக் காலை மறுபடியும் ஏறுகிறோம்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். எழுத்து கோணலாக இருப்பது மழைக் குளிரால்தான்.

தபால் பையைக் கட்டுகிறார்கள். தேவாலயத்தில் எனக்காக ஜெபிக்க வேண்டாம் என்று முன்பு எழுதினேன் அல்லவா? ஜெபிக்கச் சொல்லுங்கள் அம்மா. என் பெயரைச் சொல்லியே ஜெபிக்கச் சொல்லுங்கள்.

லைல்