ரெண்டு உருப்படி

ஜனவரி 18, ஞாயிறு. இரவு.

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. கூச்சமும்தான்.

புல்லுக்குள் அடைந்திருக்கும் பூனைப்பருந்துகள் விடியலில் எழும்புவதைப் படம் எடுக்க நானும் செல்வமும் ஆசைப்பட்டோம். இடைசெவல் பக்கம் ஒரு நிலத்துக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஒரு ராத்திரி உங்க தரிசுல கிடந்துக்கிடுதோம் அண்ணாச்சி."

"தாராளமா. எத்தனை உருப்படி?"

"ரெண்டுதான்."

"ரெண்டேதானா?" என்று இழுத்தார். "சரி, வாங்க" என்றார்.

இன்று விடியலில் முதல் பருந்து தலை தூக்கியது. கேமராவைக் கண்ணில் வைத்தேன். பின்னால் அவர் குரல்: "தம்பி, ஆடுக எங்கன நிக்கி?"

நாங்கள் ராத்திரி ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட வருகிறோம், புழுக்கை நிலத்துக்கு உரமாகும் என்று நினைத்திருக்கிறார் மனிதர். டென்ட்டையும் எங்களையும் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் பருந்துகள் மொத்தமும் பறந்துவிட்டன. ஒரு படம்கூட இல்லை.

"உருப்படி ரெண்டும் நீங்கதானா? அப்போ உரத்துக்கு என்ன வழி?"

இருட்டோடு நான் தண்ணீர் பாட்டிலுடன் கருவேல மரத்துப் பக்கம் போய்வந்தது செல்வத்துக்கு மட்டும்தான் தெரியும்.

"அது போட்டாச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டான் பாவி.