நடுங்கின கை

மாமா,

சிதம்பரத்துலேருந்து அத்தை போன்ல அழுதாங்க. உங்க நெஞ்சுல மூணு அடைப்பாம், ஆபரேஷன் வேணாம்னுட்டீங்களாம். வடலூர்ல போய் உக்காந்துக்கறேன்னீங்களாம். ஹார்ட் டாக்டரா இருந்து எத்தனை பேரை மெரட்டி டேபிள்ல படுக்க வெச்சிருப்பீங்க? உங்களுக்குன்னு வந்தா மட்டும் சாமியார் வேஷமா?

அதுகூடப் பரவாயில்ல. உங்ககிட்டயே தொழில் கத்துக்கிட்ட அருள்மொழி, நானே பண்றேன்னு நிக்குது. "சின்னப் பொண்ணு, கை நடுங்கும்"னு சொன்னீங்களாம். கேட்டதுலேருந்து எனக்குப் பத்திக்கிட்டு வருது.

இந்த ஜில்லாவுல யாரும் இதயத்தைத் தொடாத காலத்துல, கடலூர்ல என்னைப் படுக்க வெச்சு, அடைச்சுக்கிட்ட வால்வை உங்க விரலை விட்டுத் திறந்தீங்களே. அதுக்கு முன்னாடி, "பயப்படாத, நெறைய பேருக்குப் பண்ணிருக்கேன்"னு என் கையைப் பிடிச்சீங்க. உங்க கை நடுங்கிச்சு மாமா. நான்தான் மொத ஆளுன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சும் எழுந்து ஓடல.

இனிமே அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. திங்கக்கிழமை நானே வர்றேன். டேபிள்ல ஏறுற வரைக்கும் உங்க கையை நான் பிடிச்சுக்கறேன். எவ்ளோ வேணும்னாலும் நடுங்கட்டும்.

உங்க மொத பேஷண்ட்