கொரங்குக்குக் கட்டுன தேர் வடம்

2025 ஜூன் 14

ஏம்மா போனு, சௌக்கியமா? சார்ஜ் இருக்குதா? எனக்கு எழுத வராது, அதான் ஒங்கிட்ட பேசி வெச்சிக்கிறேன்.

நம்ம அடி அண்ணாமலையில கிரிவலப் பாத ஓரம் வாழப்பழ வண்டி போட்டிருக்கேன்ல. நடக்கறவங்க கொரங்குக்குப் போட வாங்குவாங்கோ, புண்ணியமாம். புண்ணியம் அவங்களுக்கு, ரோதன எனக்கு. இன்னிக்கு ஒரு சீப்பையே தூக்கினு ஓடிடுச்சி. போன வருசம் ஒரு வெள்ளக்காரம்மா கண்ணாடியப் புடுங்கினு போச்சே— அந்தக் கத அப்பறம்.

சொல்ல வந்தது வேற. ரோட்டுக்கு இந்தப் பக்கம் சின்னக் குன்றா ஒரு கரடு இருக்குல்ல, அந்தக் கரட்டுக் கூட்டத்துல ஒரு தாய்க்கொரங்கு, செத்த குட்டிய இன்னும் தூக்கினே சுத்துது. போன வருசக் குட்டியும் தங்கல. வண்டி மேலயே வந்து குந்துது. தொரத்த மனசு வரல. சனியன்.

ஜூன் 17

நம்ம சாந்த் பாஷா பாய் மவ ஆஃப்ஷீன், காலேஜ்ல கொரங்கப் பத்தியே படிக்குது. கொரங்கு பீய டப்பாவுல அள்ளினு போய் டெஸ்ட் பண்ணுது. பாய் தலையில அடிச்சிக்கிறாரு.

அது சொல்லுது: "மாமா, வயசுக்கு வந்த ஆண் கொரங்கு பொறந்த கூட்டத்துல இருக்காது. வேற கூட்டத்துக்குப் போயிடும். அப்படித்தான் புது ரத்தம் வரும். இப்ப மல அந்தப் பக்கம், கரடு இந்தப் பக்கம். நடுவுல ரோடு, சுத்தி பிளாட்டு. கரட்டுக்கு வெளிய இருந்து எதுவும் வரல. டெஸ்ட்ல எல்லாம் ஒரே ரத்தமா இருக்கு. குட்டி நோஞ்சானாப் பொறக்குது. ஒரு சீக்கு வந்தா மொத்தமும் போயிடும்."

ராத்திரி வூட்ல சொன்னேன். எம் பொண்டாட்டி கன்னியம்மா முந்தானைய இழுத்து சொருவினா. "நான் ஒங்க மாமன் மவதான? அப்ப நாமளும் ஒரே ரத்தம்தான?"

இவகிட்ட எதுனா சொல்ல முடியுதா?

ஜூலை 3

ரோட்டுக்கு இந்தப் பக்கம் புளியமரம், அந்தப் பக்கம் அரசமரம். நடுவுல கயிறு கட்டுனா மேலயே தாண்டுமாம். ஆஃப்ஷீன் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்து அனுமதி வாங்கிடுச்சி. கயிறு? மாரியம்மன் கோயில் பழைய தேர் வடம் சும்மாத்தான கெடக்குது.

கோயில் தர்மகர்த்தா அன்பரசன், கன்னியம்மாவோட அண்ணன். எகிறிட்டாரு. "சாமி வடத்துல கொரங்கு நடக்கறதா?"

"அனுமார் நடந்தா கும்புடுவ. அவரு சொந்தக்காரன் நடந்தா ஆவாதா மச்சான்?"

சிரிச்சிட்டாரு. குடுத்துட்டாரு.

ஜூலை 6

கட்டியாச்சி. ஒண்ணு கூட ஏறல. கீழ குந்தினு பாக்குது, நாங்க இன்னாமோ கூத்து காட்டற மாதிரி.

ஜூலை 12

மலப்பக்கத்துல இருந்து ஒண்ணு வந்துது. நல்ல வாட்டசாட்டமான ஆண். மேல அவ்ளோ பெரிய வடம் தொங்குது, அது ரோட்டுல எறங்கி ஓடியாருது— எதுக்கு? என் பழத்துக்கு. காரு அடிச்சிடுச்சி. என் வண்டிக்கு எதுக்கவே.

ஆஃப்ஷீன் வந்து, செத்தத எடுத்து ஓரமா போட்டுது. அப்பறம், "பழம் கீழ கெடக்கற வரைக்கும் மேல எது ஏறும் மாமா? கரட்டுல இருக்கறதும் எங்கயும் போவாது."

நீ வேற ஏம்மா போனு. எனக்குத் தெரியாதா? தெரியாதுதான். இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல. இன்னா பண்ண சொல்ற என்ன? சோத்துக்கு இன்னா பண்ண?

ஜூலை 15

பழம் வெக்கல. சுக்குக் காபி.

ஆகஸ்ட் 9

பௌர்ணமி. "கொரங்குக்குப் பழம் இல்லயா? இன்னா கடைப்பா இது"னு வர்றவன் போறவன்லாம் திட்டறான். ஒரு அம்மா கையில பிஸ்கட் பாக்கெட்டு. போடாதீங்கம்மானு சொன்னேன். "பாவி, வாயில்லா ஜீவன் வவுத்துல அடிக்கிற"னு சாபமே வுட்டுடுச்சி. வேவாரம் பாதி கூட இல்ல. வூட்ல கன்னியம்மா பேசறதில்ல. பாத்திரம் மட்டும் பேசுது.

செப்டம்பர் 2

போனு, இன்னிக்கி ஆளே இல்ல. கரட்டுல சத்தமும் இல்ல. கோவம் தீந்து இப்பல்லாம் கன்னியம்மாதான் காபி ஆத்தறா, அவ போட்டா நாலு பேரு கூட வராங்கோ. சரி, அந்தக் கண்ணாடி கதய இன்னிக்காவது முடிச்சிடறேன். அந்த வெள்ளக்காரம்மா ஆசிரமத்துல இருந்து நடந்து வந்துது. வந்து இப்பிடி நின்னுச்சா, கொரங்கு மெதுவா பின்னாடி வந்து கண்ணாடிய உருவி தன் மூக்குலயே மாட்டினு, அந்தம்மாவையே மொறச்சி—

இன்னா கன்னி? வடத்து மேலயா? எந்தப் பக்கத்துல இருந்து... மலப்பக்கத்துல இருந்தா! சத்தம் போடாத, இரு, நான்