வெண்டெல், பிளக்கைப் பிடுங்காதே

வெண்டெல், டூலூத்துக்கு, அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அவள் எழுந்து நடக்கும்வரை அங்கேதான். நீ சூடுபண்ணிச் சாப்பிட, கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் பிரிட்ஜில் இருக்கிறது.

கடையில் இரண்டு கணினிகளை எடுத்துவைத்திருக்கிறார்கள். என் பாலக் கட்டுமான வரைபடங்களை எது தாங்கும் என்று இன்னும் பிடிபடவில்லை. பெரியதையே வாங்கி வீட்டில் மாட்டிவிடு. “அது இங்க ஓடிக்கிட்டே இருந்தா, நீ அங்கேர்ந்தே வேலை பார்க்கலாம், வரவே வேண்டாம்” என்று நேற்று சொன்னாயே, அது அக்கறையா, வழியனுப்பா? அதுவும் புரியவில்லை.

சனிக்கிழமை ஏரிக்கு மீன்பிடிக்கப் போகும்போது, வழக்கம்போல வீட்டிலுள்ள பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடாதே. கணினி அணைந்துவிட்டால் அங்கிருந்து என் லேப்டாப் வழியாக அதற்குள் நுழைய முடியாது. வேலைக்காக நான் வீட்டுக்கே ஓடிவர வேண்டியிருக்கும்.

உன் மனைவி லோர்னா

பி.கு. செருப்பு மாட்டும்போது யோசித்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டே போ.