மேரி டீச்சரின் பெயர்ச்சீட்டு

1936, ஆவணி 9

ஆசிரியர் மாநாட்டு விருந்தில் ஒவ்வொருவர் இலையருகிலும் அவர் பெயரை எழுதி வைக்கலாம் என்று, விருந்தை ஏற்பாடு செய்த அப்பாவிடம் சொன்னது நான்தான். சீட்டுகளையும் நானே எழுதினேன். ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பாடம் சொன்ன மேரி டீச்சருக்கு முதல் பந்தியில் இடம் வைத்தேன்.

டீச்சர் உட்கார்ந்ததும், பக்கத்து இலையிலிருந்த ஸ்ரீரங்கத்துத் தலைமையாசிரியர் எழுந்துவிட்டார்.

"இவாளோட ஒரே பந்தியா? யார் ஓய் இந்த ஏற்பாடு பண்ணினது?"

அப்பா என்னைப் பார்த்தார். "குழந்தை தெரியாம வெச்சுட்டா. மன்னிக்கணும்."

"பரவாயில்லைங்க, எனக்குப் பசியில்லை" என்று டீச்சர் எழுந்தார். தன் சீட்டை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தெரிந்தேதான் வைத்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.